சிங்கம் வைத்த வாடகை வீடு

இந்த வென்சுவின் பெயரை நான் முதலில் கேட்டது மெல்பர்னில், கோழித் தொழிற்சாலையில், ஈரல் பிரிக்கும் மேஜையில். என் சித்தி மகள் கார்மெனா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே இயந்திரம் போடுகிற சத்தத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்லவேண்டும்.

"அக்கா, எனக்கு மாப்பிள்ளை அமைஞ்சாச்சு!"

"யாருடி?"

"வென்சு!"

"எந்த வென்சு? நம்ம தீவுல பாதிப் பேரு வென்சுதான்."

"சுண்ணாம்பு வீட்டு வென்சு!"

என் கையிலிருந்த ஈரல் நழுவி, தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

மால்டாக்காரர்களுக்குள் குடும்பப் பெயரைச் சொல்லி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. நான் பிறந்த தெருவில் மட்டும் ஏழு ஸம்மித் குடும்பம். பட்டப்பெயர்தான் எங்களுக்கு முகவரி. யாரோ ஒரு தாத்தா ஒருநாள் செய்த அசட்டுத்தனம் அவர் பேரன் பேத்தி வரைக்கும் தபால்போல வந்து சேரும். வென்சுவின் தாத்தா நார்து ஒரு பண்ணையாரின் கழுதைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். ஒரு ஈஸ்டருக்கு, சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி, கொட்டகைக்கு உள்ளும் புறமும் மூன்று பூச்சு பூசினார். பண்ணையார் அந்தப் பக்கம் குதிரை வண்டியில் போனார். கண் கூசியது. வண்டியை நிறுத்தி, "இத்தனை அழகான வீட்டையா இந்தக் காசுக்கு விட்டு வைச்சிருக்கேன்?" என்று கேட்டார். அடுத்த மாதமே வாடகை இரட்டிப்பானது. அதற்கடுத்த மாதம் நார்து பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நின்றார். கழுதையும் கூட நின்றது.

இதையெல்லாம் நான் கார்மெனாவிடம் கத்திச் சொன்னேன். மேஜைக்கு அந்தப்புறம் நின்ற இரண்டு மாசிடோனியப் பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"அது தாத்தாக்கா," என்றாள் கார்மெனா. "இவரு டயர் கம்பெனியில வேலை பாக்குறாரு."

"டயருக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கமாட்டாங்கடி. வீட்டுக்குத்தான் அடிப்பாங்க."

அவள் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது. வென்சு என்னைவிடப் பத்து வயது இளையவன். அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன்; வருத்தப்படுகிறவர்கள் படட்டும்.

குடித்தனம் செயின்ட் ஆல்பன்ஸில், என் வீட்டுக்கு நேர் எதிரே. மெல்பர்னின் மறுகோடியில் இருப்பவர்கள் எங்கள் பேட்டையின் பெயரைக் கேட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது வசதி. அவர்கள் வராமலிருந்த வரைக்கும் விலை ஏறவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஓவர்டைம் பார்த்து, பேங்கில் கடன் வாங்கி, இங்கே ஒரு மரவீடு வாங்கியிருந்தோம். வென்சு எதிர்வீட்டை பாஸ்கோ என்ற கிழவரிடம் வாடகைக்கு எடுத்தான். அதோடு நிற்கவில்லை. வீடு வாங்கினவர்களையெல்லாம் வேலிமேல் சாய்ந்துகொண்டு கேலி செய்வான்.

"வீடு வாங்குனவன் பேங்க்குக்காரனுக்கு அடிமை அக்கா. நான் ராஜா. குழாய் உடைஞ்சா பாஸ்கோவுக்கு ஒரு போன். கூரை ஒழுகுனா பாஸ்கோவுக்கு ஒரு போன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் பாஸ்கோவுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. குழாய் உடைந்தால் அவனே மாற்றுவான். வேறொருவன் திருகின திருகாணியை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் வருஷம் கொல்லைப்புறம் முழுக்க காங்கிரீட். மூன்றாம் வருஷம் இரும்புக் குழாயில் பந்தல், அதன்மேல் திராட்சைக்கொடி. பிறகு குளியலறை, தரையிலிருந்து கூரைவரை நீலநிற டைல்ஸ். பத்தாம் வருஷம், வாசல் தூண்கள் இரண்டின்மேலும் தூணுக்கொன்றாகக் காங்கிரீட் சிங்கம். வாடகை வீட்டுக்குச் சிங்கம் வைத்த ஆள் ஆஸ்திரேலியாக் கண்டத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பாஸ்கோ வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கொடியில் ஒரு குலை பறித்துத் தின்பார். சிங்கத்தைத் தட்டிக்கொடுப்பார். "வென்சு, வீடு ரொம்ப நல்லா ஆயிடுச்சுப்பா" என்பார். போகும்போது வாடகையை ஏற்றிவிட்டுப் போவார். வென்சுவுக்கு அந்த முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழும்.

"பாத்தியா, ஓனரே சொல்லிட்டாரு!"

"ஆமா," என்பாள் கார்மெனா. "உங்க தாத்தாகிட்டயும் ஒரு ஓனர் சொன்னாரு."

ஒரு மார்ச் மாதம் பாஸ்கோ இறந்துபோனார். அவர் மகள் ஊரின் கிழக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் இருப்பவள். எங்கள் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டி வந்ததில்லை. அவளிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டை ஏலத்தில் விடப்போகிறார்கள். அதற்கு முன் நான்கு சனிக்கிழமை, பதினொரு மணியிலிருந்து பதினொன்றரை வரை, வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். வேறு யாராவது வாங்கினால் இவர்கள் அறுபது நாளில் காலி செய்யவேண்டும்.

கார்மெனா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்தாள். பின்னாலேயே வென்சுவும் அவர்கள் மகள் மார்லீனும். கார்மெனா உட்காரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் வீட்டுல சமைச்சாச்சு. இனி முடியாது. இந்த வீட்டை நாமதான் வாங்கறோம்."

"எதை வெச்சு?" என்றான் நம்ம ராஜா வென்சு.

"நான் கோழி அறுத்த காசை வெச்சு. பேங்க்ல பேசிட்டேன். எல்லாம் சேத்து நூத்தி எழுபத்தெட்டாயிரம். அதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் வீடு நமக்கில்ல."

"அம்மா, ஊருக்குப் போறதுக்குத் தனியா வெச்சிருக்கியே..." என்று மார்லீன் இழுத்தாள். கார்மெனாவின் அம்மாவுக்கு, அதாவது என் சித்திக்கு, அப்போது எண்பத்தெட்டு வயது. கார்மெனா அவளைப் பார்த்துப் பதினைந்து வருஷம். அந்த ஜூனில் போவதாக இருந்தாள்.

"அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் கார்மெனா. மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

திட்டம் அங்கேயே போட்டோம். பார்க்க வருகிறவர்களுக்கு வீடு பிடிக்காமல் போகவேண்டும், அவ்வளவுதான். இதில் எங்கள் பேட்டையின் களிமண்ணே பாதி உதவி. கோடையில் அது வெடிக்கும், மழைக்காலத்தில் உப்பும், மேலே இருக்கிற வீடு பாவம் அதற்கேற்றபடி விரிந்து சுருங்கும். வென்சு வீட்டு முன்னறைச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல், விரல் நுழையும். அதை மறைக்கத்தான் அங்கே இயேசுவின் திருஇருதயப் படம் தொங்கியது. படத்தைக் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பதினொரு மணிக்கு அடுப்பில் நத்தைக் கறி, பூண்டு நிறையப் போட்டு. குழாய் ஒன்று சொட்டவேண்டும்.

"நீங்க?" என்று கார்மெனா வென்சுவைக் கேட்டாள். "நீங்க என்ன செய்யணும்?"

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. கையில ஸ்பேனர் இருக்கக்கூடாது."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

முதல் சனிக்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு நான் உதவிக்குப் போனேன். திருஇருதயப் படம் கழற்றிக் கட்டில்மேல் வைத்திருந்தது. ஆனால் விரிசலைக் காணோம். சுவர் முட்டை ஓடுபோல வழவழவென்றிருந்தது. வென்சு பக்கத்தில் நின்று, பூச்சுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"அக்கா, நாலு பேரு வர்ற இடம். எப்படிக்கா அப்படியே விடறது?"

"அப்படியே விடறதுக்குத்தானடா திட்டமே!"

"பூசுனவன் கை சரியில்லன்னு நெனப்பாங்க. முதல்ல பூசுனது நான்தானே."

குழாயும் சொட்டவில்லை. கார்மெனா காலையில் தளர்த்திவிட்டிருந்தாள். அவன் புது வாஷர் போட்டுவிட்டான்.

பதினொன்றுக்கு ஆட்கள் வந்தார்கள். ஊதா நிறக் கழுத்துப்பட்டி கட்டிய தரகன், ட்ரெவர் என்று பெயர், வாசலில் நின்று காகிதம் கொடுத்தான். அவன் வேறொன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. மீதி வேலையை வென்சு பார்த்துக்கொண்டான். குளியலறையில் தலையை நீட்டின ஒரு பெண்மணி, "அட, நல்ல டைல்ஸ்" என்று முனகியதுதான் தாமதம்.

"நான் ஒட்டினது! மட்டம் வெச்சுப் பாருங்க, தப்பு கண்டுபிடிச்சா என் பேரை மாத்திக்கறேன்."

பிறகு கொல்லைக்கு அழைத்துப்போனான். காங்கிரீட் எத்தனை கனம், உள்ளே எத்தனை கம்பி, கொடி வருஷத்துக்கு எத்தனை பெட்டி காய்க்கும், சிங்கத்தின் வயிற்றில் என்ன கலவை, எல்லாம் சொன்னான். பதினாறு பேர் அவன் பின்னால் கோயில் ஊர்வலம்போல நடந்தார்கள். ட்ரெவர் என் காதருகில் வந்து, "அம்மா, இவரு எங்க கம்பெனியில சேருவாரா?" என்று கேட்டான்.

நத்தையையாவது நம்பியிருந்தோம். வாசலிலேயே இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப்போனதைப் பார்த்து நான் கார்மெனாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு வியட்நாமியத் தம்பதி, லாம் என்று பெயர், உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் நேராக அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள்.

"நத்தையா? எங்க பிடிச்சீங்க?"

"ரயில் பாதை ஓரமா," என்றாள் கார்மெனா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

"எலுமிச்சைப்புல் போடலையா?"

"போடணுமா?"

அவ்வளவுதான். கடுகடுப்பு போயிற்று. அரைமணி நேரமும் இரண்டு பேரும் சட்டிமேல் குனிந்துகொண்டு நின்றார்கள். போகும்போது அந்தப் பெண் கையில் ஒரு கிண்ணம் நத்தைக் கறி இருந்தது. மேலே தட்டுகூட மூடியிருந்தது.

"நீயுமாடி?" என்றேன்.

"ருசி பாத்தவள வெறுங்கையோட அனுப்பச் சொல்றியாக்கா?"

மீதி மூன்று சனிக்கிழமையும் என் வீட்டுக்காரர் வென்சுவை உருண்டை ஆட்டம் ஆடுகிற கிளப்புக்கு இழுத்துப்போனார். ஒருநாள் அவன் பாதி ஆட்டத்தில் காணாமல்போனான். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாருக்கோ அதன் வாயைத் திறந்து காட்டுவதுபோலக் கை ஆட்டுகிறான். கார்மெனா அன்று அவனோடு பேசவில்லை.

ஏலநாள் வந்தது. பகல் பன்னிரண்டு மணி, தெருவே திரண்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஏலமென்றால் வாங்குகிறவர்கள் மூன்று பேர், பார்க்கிறவர்கள் அறுபது பேர். மடக்கு நாற்காலி கொண்டுவந்தவர்கள் உண்டு. மார்லீன் எல்லோருக்கும் பாலாடைக்கட்டிப் பணியாரம் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு ஏலம் கேட்க எவனுக்கும் மனசு வராது என்பது அவள் கணக்கு. பாஸ்கோவின் மகள் காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தாள். கார்மெனா வென்சுவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுபத்தெட்டு," என்றாள்.

"தெரியும்டி."

"திருப்பிச் சொல்லுங்க."

"எழுபத்தெட்டு. விடு, சட்டை கசங்குது."

ட்ரெவர் இரண்டு சிங்கங்களுக்கும் நடுவில் நின்று ஆரம்பித்தான். நூற்றைம்பதாயிரத்தில் தொடங்கியது. கேட்டவர்கள் மூன்று பேர்: வென்சு, லாம், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடக்காரன். நூற்று அறுபத்திரண்டில் லாமின் மனைவி கார்மெனாவைப் பார்த்தாள். பிறகு புருஷன் விலாவில் முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். லாம் கையை இறக்கிவிட்டான். நத்தைக்கு மரியாதை. கட்டடக்காரன் ஒவ்வொன்றாக ஏறினான். நூற்று எழுபத்திரண்டு என்றான். வென்சு நூற்று எழுபத்து மூன்று என்றான். கட்டடக்காரன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"நூத்தி எழுபத்து மூணு! ஒரு தரம்!" என்றான் ட்ரெவர்.

கார்மெனாவின் விரல்கள் என் கையில் பதிந்தன. வீடு கைக்கு வந்துவிட்டது, ஐயாயிரம் மிச்சத்தோடு. நான் மாதாவுக்குப் பாதி நன்றி சொல்லிவிட்டேன்.

ஆனால் ட்ரெவருக்குக் கட்டடக்காரனை விட மனசில்லை. "சார், இந்த மனையில ரெண்டு வீடு கட்டலாம். பழைய வீட்டை நீங்க கணக்கிலயே எடுக்கவேண்டாம். ஒரு காலையில இடிச்சுத் தள்ளிடலாம்."

"இடிக்கற கூலி யாரு தருவா?" என்று சிரித்தான் கட்டடக்காரன். "கொல்லை பூரா காங்கிரீட். அதைப் பேக்கறதுக்கே தனியா ஆகும். மண்ணுக்கு இவ்வளவுதான் தருவேன்."

"ரெண்டு தரம்!"

"யாருய்யா இடிக்கிறது?" என்று ஒரு குரல். வென்சு. முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. "நூத்தி எழுபத்தெட்டு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ட்ரெவர் குழம்பிப்போனான்.

"சார், கடைசியா கேட்டது நீங்கதான்."

"தெரியும்!"

"உங்களுக்கு மேல யாரும் கேக்கல."

"கேக்கத் தெரியாதவனுங்க! எழுது, நூத்தி எழுபத்தெட்டு!"

"எழுதாதே!" என்று கார்மெனா கத்தினாள். "அந்த ஆளுக்குப் பைத்தியம்!"

கட்டடக்காரன் கண்ணாடியைக் கழற்றி வென்சுவை ஏற இறங்கப் பார்த்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "பெரியவரே, வீணா கொடுக்காதீங்க. குளியலறையைப் பாத்தேன். எல்லாத்தையும் உடைச்சுத்தான் ஆகணும்."

"குளியலறையையா?" வென்சு கார்மெனாவின் கையை உதறிவிட்டு முன்னால் பாய்ந்தான். "அது மட்டும் பத்தாயிரம் பெறும்டா! நூத்தி எண்பத்தஞ்சு!"

நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். அறுபது வயதில் நான் அப்படி ஓடியது அன்றைக்குத்தான். அவன் என் விரலிடுக்கு வழியாக "சிங்கத்துக்குத் தனி!" என்றான். நல்லவேளை, ட்ரெவர் அதற்குள் நூற்று எண்பத்தைந்துக்குச் சுத்தியலைத் தட்டிவிட்டான்.

பாஸ்கோவின் மகள் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினாள். வென்சுவைக் கட்டிப்பிடித்து, "எங்க அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு, உங்களை மாதிரி ஒரு குடித்தனக்காரர் கிடைக்கமாட்டாருன்னு" என்று அழுதாள். அவளுக்கு ஏன் அழுகை வராது? நூற்று எழுபதுக்கே கொடுத்துவிடுவதாக இருந்தார்களாம். ட்ரெவர் பணியாரத்தை மென்றுகொண்டே அதையும் சொல்லித் தொலைத்தான்.

கையெழுத்துப் போட மேஜைக்குப் போனார்கள். வென்சு பேனாவை எடுத்தான். கார்மெனா அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்கைச் சீந்தினாள். அழவில்லை என்று காட்டுவதற்காக இரண்டுமுறை சீந்தினாள்.

"வாங்கறவங்க பேரு?" என்று கேட்டான் ட்ரெவர்.

"கார்மெனா. என் பேரு மட்டும்."

"அப்ப நான்?" என்றான் வென்சு.

"நீங்க ராஜா."

ஊர்ப் பயணத்துக்கு வைத்திருந்த காசு, எழுபத்தெட்டுக்கு மேலே போன அந்த ஏழாயிரத்தில் போயிற்று. அவள் வீட்டுக்குள் போவதற்கு முன்பே மால்டாவுக்குச் செய்தி போய்விட்டது. எங்கள் சனத்துக்குத் தொலைபேசி இருப்பதே அதற்குத்தான். சித்தி அங்கிருந்து கூப்பிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாளாம். கார்மெனா நான்கு வருஷம் கழித்துத்தான் போனாள். அதற்குள் சித்திக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற மகளை, "நீ யாரும்மா, மருந்து குடுக்க வந்தவளா?" என்று கேட்டாள். கார்மெனா தன் பெயரையும் புருஷன் பெயரையும் சொன்னாள். சித்தி, "அந்த வென்சுவா?" என்றாள். "இன்னும் விலை ஏத்திக்கிட்டே இருக்கானா?"

சுண்ணாம்பு என்ற பட்டப்பெயர் அதோடு ஒழிந்தது. இப்போது அவர்கள் வீட்டுக்குப் பெயர் 'ரெண்டு தரம்'. மார்லீன் பையனின் ஞானஸ்நானத்தில் கோயிலில் ஒரு கிழவி, "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள். "ரெண்டு தரம் வீட்டுப் பிள்ளை" என்று நானே சொன்னேன். பாவம், பால் குடிக்கிற குழந்தை. ஆனால் வேறு எப்படி அடையாளம் சொல்வது?

எங்கள் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டார்கள். கிழக்குப் பக்கத்துக்காரர்கள் இப்போது கைப்பையை இறுக்காமல் வருகிறார்கள், விலையும் அவர்களோடு வந்துவிட்டது. லாம் தம்பதி இரண்டு தெரு தள்ளி வேறு வீடு வாங்கினார்கள். முதல் மழைக்கு நத்தை பிடிக்க அந்தப் பெண் எலுமிச்சைப்புல்லோடு வந்துவிடுவாள். வென்சு வீட்டுக்கு இன்றைக்கு என்ன விலை என்று யாராவது சொன்னால், அவன் அன்றே தெரிந்து கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். கார்மெனா எழுந்து உள்ளே போய்விடுவாள். முன்னறை விரிசல் திரும்ப வந்துவிட்டது. திருஇருதயப் படம் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. பூசக்கூடாது என்று கார்மெனாவின் உத்தரவு.

டயர் கம்பெனி மூடி வெகுநாளாயிற்று. தவணை இன்னும் மூன்று வருஷம் பாக்கி. வென்சுவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கிறான். செயின்ட் ஆல்பன்ஸில், கார்மெனாவின் வீட்டில் இருக்கிறான்.